ராஜினாமா கடிதம் எழுதியது நான்தான், ஆனால் ராஜினாமா செய்தது நானில்லை

சாந்திநகர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவிட்டுப் போகிறவன். இன்றைக்கு எழுத வேண்டியதாகிவிட்டது.

ஊர் பாளையங்கோட்டை. சென்னையில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் 11 வருடம் 4 மாதம். பெயர் வேண்டாம். கடைசி இரண்டு வருடம் பெரும்பாலும் இங்கே, வீட்டிலிருந்தே வேலை. 2023லும் 2024லும் ரேட்டிங் நன்றாகவே இருந்தது. சிறந்த ஊழியர் என்று ஒரு கண்ணாடிக் கட்டிகூடக் கொடுத்தார்கள்; அது அம்மாவின் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன ஜூலையில் புராஜெக்ட் முடிந்து வேறு டீமுக்கு மாற்றினார்கள். புது மேனேஜர். அக்டோபரில் பி.ஐ.பி. போட்டார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 'உன் வேலை சரியில்லை, 60 நாளில் திருத்திக்கொள்' என்று எழுத்தில் கொடுப்பது. எனக்குக் கொடுத்த நான்கு இலக்குகளில் ஒன்று, 'பொறுப்புணர்வை வெளிப்படுத்த வேண்டும்'. அதை எந்தத் தராசில் நிறுப்பீர்கள் என்று கேட்டேன். "அது உங்களுக்கே தெரியும்" என்றார்.

பொங்கல் லீவு முடிந்த செவ்வாய்க்கிழமை, 15 நிமிடத்துக்கு ஒரு மீட்டிங் அழைப்பு. மேனேஜர் கேமராவை அணைத்து வைத்திருந்தார். பேசியது ஹெச்.ஆர். பெண். வயது இருபத்தைந்து இருக்கலாம். எழுதி வைத்ததை வாசிக்கிறாள் என்று கண் ஓடுவதிலேயே தெரிந்தது. இரண்டு வழி சொன்னாள். நானே ராஜினாமா செய்தால் இரண்டு மாத பேசிக் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும். செய்யாவிட்டால் 'செயல்திறன் போதாமையால் நீக்கம்' என்று பதிவாகும், அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது அதுதான் போகும். மாலை ஆறு மணிக்குள் முடிவு. கடிதத்தின் வாசகத்தையும் அவர்களே அனுப்பினார்கள்: 'சொந்தக் காரணங்களுக்காக'. அடுக்களையில் அம்மா மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். தார்சாக் கதவைச் சாத்திக்கொண்டு அதை அப்படியே டைப் செய்து அனுப்பினேன். ஆறு பத்துக்கு வி.பி.என்., அதாவது கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழையும் இணைப்பு, துண்டிக்கப்பட்டது.

நாலு நாள் கழித்து லேப்டாப்பை எடுத்துப்போகக் கூரியர்காரர் வந்தார். "நேத்தே வந்தேன் சார், நீங்க இல்ல" என்றார். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. 2020 ஆயுத பூஜைக்கு அம்மா அந்த லேப்டாப் மூடியில் சந்தனப் பொட்டு வைத்தாள். எத்தனை துடைத்தும் மஞ்சள் வட்டம் போகவே இல்லை. அதோடுதான் டப்பாவில் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். போன வாரம் கணக்கு முடித்து வந்த தாளில் 'உபகரணச் சேதம்' என்று 1,500 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். அந்தச் சந்தனப் பொட்டுதான்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்பா தபால் இலாகாவில் 36 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் பத்து மணிக்கு நான் பழைய சொந்த லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்காருகிறேன். பையன் மீட்டிங்கில் இருக்கிறான் என்று அப்பா டி.வி. சத்தத்தைக் குறைக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

கேள்வி இதுதான்: நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி ஏதாவது செய்ய முடியுமா?

2024பேட்ச்

அண்ணே, நீங்களாவது 11 வருடம். எனக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டு 14 மாதம் காக்க வைத்தார்கள். அப்புறம் பயிற்சி. மூன்று தேர்வு, மூன்றாவதில் இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது. மதியம் சொன்னார்கள், மாலைக்குள் ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் முன்பதிவு இல்லாத பெட்டி. விழுப்புரம் தாண்டி ஒரு பெரியவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்து, "லீவுக்கா தம்பி?" என்று கேட்டார். ஆமா என்றேன்.

கடைக்காரன்_டவுன்

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. தனியார் வேலை என்றால் இதுதானே? என் கடையில் ஒரு பையன் சரியாக நிற்கவில்லை என்றால் நான் கணக்கு முடித்து அனுப்பத்தான் செய்வேன். இரண்டு மாதச் சம்பளமெல்லாம் யார் கொடுக்கிறார்கள்? மாதம் லட்சத்துக்கு மேல் வாங்கும்போது எந்த இழையிலும் யாரும் எழுதவில்லை. போகச் சொன்னவுடன்தான் உரிமை, சட்டம் எல்லாம் ஞாபகம் வருகிறது.

சொளவு

டவுன் அண்ணாச்சிக்கு ஒரு பதில்.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். சொளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு, தூளும் இலையுமாகக் காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஆயிரம் பீடி முடியப் பொழுது சாயும். சாயங்காலம் கொண்டுபோய்ப் போட்டால் கடையில் ஒருவர் பீடிக் கட்டை எடுத்துப் பார்த்து, இது தொளதொளப்பு, இது முனை சரியில்லை என்று ஒரு பகுதியை ஒதுக்குவார். ஒதுக்கினதற்குக் கூலி கிடையாது. சரி, கூலி இல்லை, பீடியையாவது திருப்பிக் கொடு என்றால் அதுவும் கிடையாது. அது எங்கே போகும்? மற்றப் பீடியோடு சேர்ந்து விற்பனைக்குத்தான் போகும் என்று அம்மா சொல்லுவாள். அவள் கை ஒரு நாளும் மாறவில்லை, ஒதுக்கும் அளவு மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும். சரக்கு தேங்கிக் கிடந்தால் அதிகம் ஒதுக்குவார்கள். ஆர்டர் நெருக்கினால் எல்லாப் பீடியும் நல்ல பீடி.

நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். ரேட்டிங் வரும் மாதமெல்லாம் எனக்கு அந்தச் சொளவுதான் ஞாபகம் வரும். உங்கள் கடைப் பையனை நீங்கள் நேரில் பார்க்கிறீர்கள் அண்ணாச்சி. அவன் சரியில்லை என்பது உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். எங்களைப் பார்த்தே இராத ஒருவர், எத்தனை பேர் 'சரியில்லை' என்பதை ஏப்ரலிலேயே முடிவு செய்துவிடுகிறார். யார் யார் என்பதைத்தான் அப்புறம் தேடுகிறார்கள்.

பழைய_மேனேஜர்

தேடியவர்களில் நானும் ஒருத்தன். மூன்று அப்ரைசல், அதாவது ரேட்டிங் போடும் கூட்டம், அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது வெளியே வந்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு முன்பே ஒரு எக்செல் தாள் வரும். உங்கள் குழுவில் 20 பேர் என்றால் மேலே இத்தனை, நடுவில் இத்தனை, கீழே கட்டாயம் இரண்டு. இதற்கு மணி வளைவு என்று பெயர். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் காலத்தில் 20-70-10 என்று பிரித்து, கடைசி 10 சதவீதத்தை அனுப்பினார்கள். உலகமே அதைப் பார்த்து எழுதிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் இப்படி வரிசை போடுவதை 2013ல் கைவிட்டது. ஆனால் அந்தப் பழக்கம் சாகவில்லை. 2025 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா கிட்டத்தட்ட 3,600 பேரை 'செயல்திறன் குறைந்தவர்கள்' என்று பொதுவிலேயே சொல்லி அனுப்பியது. அதே வருடம் ஜூலையில் டி.சி.எஸ். தன் ஆட்களில் 2 சதவீதம், 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடு, மேல் நிலைகளில் இருப்பவர்கள். இந்த இரண்டு அறிவிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று வேலை இல்லை என்கிறது, மற்றொன்று உனக்கு வேலை தெரியவில்லை என்கிறது. வீட்டுக்குப் போகிறவனுக்குச் சம்பளம் நிற்பது இரண்டிலும் ஒன்றுதான். அவன் தலையில் ஏறி உட்காருவது 'உனக்கு வேலை தெரியவில்லை' என்பதுதான்.

என் குழுவில் எல்லாரும் ஒழுங்காக வேலை பார்த்த வருடம் ஒன்று இருந்தது. அப்போதும் இரண்டு பேரைக் காட்ட வேண்டும். என்ன செய்வோம் தெரியுமா? ஏற்கெனவே பேப்பர் போட்டுவிட்டு (ராஜினாமா கொடுத்துவிட்டு) நோட்டீஸில் இருப்பவன் தலையில் முதலில் கட்டுவோம். அவனுக்கு வலிக்காது, கணக்கும் நேராகும். அப்படி யாரும் இல்லையென்றால் புதிதாக வேறு டீமிலிருந்து வந்தவன். அவனுக்காகப் பேச அந்தக் கூட்டத்தில் ஆள் இருக்காது. அப்புறம் நீண்ட லீவில் போனவர்கள். சாந்திநகர்க்காரரே, ஜூலையில் டீம் மாறினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது.

எல்லாரும் நிரபராதி என்று சொல்ல மாட்டேன். ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனிக்கு வேலை பார்த்தவனை நானே பிடித்து அனுப்பியிருக்கிறேன், அதற்கு எனக்குத் தூக்கம் கெடவில்லை. ஆனால் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த உங்கள் மேனேஜர் இருக்கிறாரே, அதை நானும் செய்திருக்கிறேன். ஹெச்.ஆர். தான் பேச வேண்டும், நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. வாய் மூடியிருந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் அணைப்பது.

அம்பை_வாசி

நீண்ட லீவில் போனவர்கள் என்று பழைய மேனேஜர் ஒரு வரியில் கடந்துவிட்டார். அந்த வரியில் நான் இருக்கிறேன்.

2017லிருந்து பிரசவ லீவு 26 வாரம். அதை முடித்துப் போனேன். அந்த வருடத்தில் நான் வேலை பார்த்தது ஐந்தரை மாதம். ரேட்டிங் போட்டது முழு வருடத்துக்கு, கூட வேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டு. லீவில் இருக்கும்போது வேலையை விட்டு எடுப்பது சட்டப்படி தவறு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் திரும்பி வந்து ஏழாவது வாரம் வரை பொறுத்திருந்தார்கள்.

சம்பளம் போனதைக்கூடச் சமாளித்தோம். அடுத்த மாதம் சித்தி மகள் கல்யாணம். மறுவீட்டுச் சாப்பாட்டுப் பந்தி, சொதி ஊற்றிக்கொண்டே பெரியம்மா கேட்டாள், "எத்தன நாள் லீவுட்டி?" பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் நான் வாய் திறப்பதற்குள், "பிள்ளைக்காக இவளே விட்டுட்டா" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். பந்தியே "நல்ல முடிவு" என்று மெச்சியது. எனக்கு இஞ்சிப் பச்சடி தொண்டையில் இறங்கவில்லை. கம்பெனி என் கையாலேயே ராஜினாமா எழுதி வாங்கியது, வீட்டில் அதற்குக் காரணமும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கடைக்காரன்_டவுன்

தாயி, அந்தப் பேச்சை நான் பேசவில்லை. பழைய மேனேஜர் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். பேப்பர் போட்டவன் தலையில் கட்டுவது இருக்கிறதே, அது கள்ளக் கணக்கு. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் எழுதிக் கொடுத்த கையெழுத்து கையெழுத்துதானே, வக்கீல் யாராவது சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை_வக்கீல்

கோர்ட் முடிந்து இப்போதுதான் பார்த்தேன். தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஏன் எல்லாரிடமும் ராஜினாமாவாகவே கேட்கிறார்கள்? ஆட்குறைப்பு என்பதற்குச் சட்டம் கொடுக்கும் விளக்கம் மிக அகலமானது. ஒழுங்கு நடவடிக்கையில் தண்டனையாக இல்லாமல், வேறு எந்தக் காரணத்துக்காக முதலாளி வேலையை முடித்தாலும் அது ஆட்குறைப்புதான். 'செயல்திறன்' என்று பெயர் வைத்தாலும் அதற்குள்தான் வரும் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 1947ம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 25எஃப் பிரிவாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இது இருக்கிறது. சாந்திநகர்க்காரருக்கு 11 வருடம், அதாவது 165 நாள் சம்பளம். கம்பெனி கொடுத்தது இரண்டு மாத பேசிக். ஆனால் தானாக ராஜினாமா செய்தவருக்கு இந்தப் பிரிவு கிடையாது. அந்தப் பெண் ஆறு மணிக்குள் என்று ஏன் அவசரப்படுத்தினாள் என்பது இப்போது விளங்கும்.

'ஐ.டி. காரனுக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது' என்று ஹெச்.ஆரே சொல்லுவார்கள். அது சரியில்லை. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று 2016லேயே தமிழ்நாடு அரசு தெளிவாக்கிவிட்டது. அதற்கு முந்தின வருடம் ஜனவரியில், ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் கர்ப்பிணி ஊழியர் ஒருவரை நீக்கியதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. கம்பெனி நீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றது. பார்க்க வேண்டியது உங்கள் பதவியின் பெயரை அல்ல, வேலையை. கார்டில் 'லீட்' என்று போட்டிருந்தாலும், நாள் முழுக்கப் புரோகிராம் எழுதி, டெஸ்ட் பார்த்து, புகார் டிக்கெட் மூடிக்கொண்டிருந்தால் நீங்கள் தொழிலாளிதான். ஆளை எடுக்க, நீக்க, லீவு கொடுக்க அதிகாரம் இருந்ததா? இல்லையென்றால் தைரியமாக இருங்கள்.

இப்போது உங்கள் கடிதம். மிரட்டி வாங்கிய ராஜினாமா ராஜினாமா ஆகாது, ஆனால் மிரட்டல் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். அழைப்பு வந்த நேரம், அவர்கள் வாசகம் அனுப்பிய மெயில், நீங்கள் அதையே திருப்பி அனுப்பிய நேரம், ஆறு பத்துக்கு வி.பி.என். போனது. இவை எல்லாம் உங்களிடம் இருக்கிறதா? தானாகப் போகிறவனுக்கு யாரும் வாசகம் எழுதிக் கொடுப்பதில்லை. உடனே ஒரு மெயில் போடுங்கள்: அன்று கட்டாயத்தின் பேரில் எழுதினேன், திரும்பப் பெறுகிறேன், வேலைக்கு வரத் தயார். தாமதம் ஆக ஆகக் கேள்வி கேட்பார்கள். அப்புறம் தொழிலாளர் துறை சமரச அதிகாரியிடம் மனு. சென்னைதான் இடம் என்று கம்பெனி சொல்லும். இரண்டு வருடம் பாளையிலிருந்து வேலை வாங்கியிருக்கிறார்கள், இங்கேயே போட்டுப் பார்ப்போம்.

இன்னும் வேலையில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கு: சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம், பாராட்டு மெயில் எல்லாவற்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள். கம்பெனி புரோகிராமையோ வாடிக்கையாளர் ஃபைலையோ சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதை வைத்தே ஒழுங்கு நடவடிக்கை போட்டுக் கதையை மாற்றிவிடுவார்கள்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) கொடுத்தார்களா?

சாந்திநகர்க்காரன்

வாசகம் அனுப்பிய மெயில் கம்பெனி மெயிலில் வந்தது, போய்விட்டது. ஆனால் அந்தப் பெண் அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருந்தாள், 'சீக்கிரம் அனுப்புங்கள் சார்' என்று. அது இருக்கிறது.

கிராஜுவிட்டி, 'வெளியேறும் தொகுப்பு' என்று போட்டிருக்கிற தொகைக்குள்ளேயே வருகிறது என்றார்கள். பேசிக் 40,000.

வண்ணார்பேட்டை_வக்கீல்

அந்த வாட்ஸ்அப் போதும், அதைப் பத்திரமாக வையுங்கள்.

கிராஜுவிட்டி அவர்கள் தரும் தொகுப்பு இல்லை, நீங்கள் ஏற்கெனவே சம்பாதித்தது. 40,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி 11 வருடத்துக்குப் போட்டால் 2,53,846 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டும். திருட்டு, அடிதடி, சொத்துச் சேதம் மாதிரிக் குற்றத்துக்காக நீக்கினால்தான் அதில் கை வைக்கலாம். வேலை சரியில்லை என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. இரண்டு மாத பேசிக்குள் இதை அடக்கினேன் என்று எந்தக் கணக்குப்பிள்ளை எழுதினார் என்று தெரியவில்லை. ஒப்பந்தத்தில் நோட்டீஸ் எத்தனை நாள்?

சாந்திநகர்க்காரன்

90 நாள்.

வண்ணார்பேட்டை_வக்கீல்

அந்த 90 உங்களை மட்டும் கட்டுவதில்லை.

சொளவு

மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் 2024ல் தோட்டத் தொழிலாளிகளிடம் நீட்டிய படிவத்திலும் 'விருப்ப ஓய்வு' என்றுதான் இருந்தது. கம்பெனிக்கு அந்த நிலத்தின் குத்தகை 2028 வரை. நாலு தலைமுறையாக மலையில் இருந்தவர்களுக்கு இறங்க விருப்பமாம். அங்கே தமிழில் கொடுத்தார்கள், இங்கே இங்கிலீஷில் கொடுக்கிறார்கள். வேற ஒண்ணும் மாறல.

பழைய_மேனேஜர்

ஒரு சில்லறை விஷயம், ஆனால் பலருக்குப் பிடிபடாதது. கம்பெனி குரூப் மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு முடிந்துவிடும், அதில் சேர்த்திருந்த அப்பா அம்மாவுக்கும் சேர்த்து. அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டு, ஆனால் கடைசி நாளுக்கு முன்பே கேட்டுவிடுவதுதான் நல்லது. ஆறு மணிக் கெடுவில் யாருக்கு இது தோன்றும்? என் குழுவில் ஒருவருக்கு அப்பா டயாலிசிஸில் இருந்தார். அவர் போன பிறகுதான் எனக்கே இது தெரிந்தது. அந்தப் பெயரைத் தாளில் எழுதியது நான்.

2024பேட்ச்

வக்கீல் சார், பயிற்சியில் இருந்தவனுக்கு இதில் ஏதாவது உண்டா?

வண்ணார்பேட்டை_வக்கீல்

ஒரு வருடத்தில் 240 நாள் ஓடவில்லையென்றால் ஆட்குறைப்பு ஈடு கஷ்டம் தம்பி. பயிற்சி ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நேரில் வா. பாண்டு என்று ஏதாவது கையெழுத்து வாங்கியிருந்தால், பணம் கட்டு என்று போனில் கேட்டால் பயந்து கட்டிவிடாதே.

கடைக்காரன்_டவுன்

2024பேட்ச், வேலை தேடும் வரை கடைக்கு வருவதானால் சொல். கணக்கு கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் இல்லாமல் இருக்கிறது. சம்பளம் குறைவுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாந்திநகர்க்காரன்

மூன்று வாரம் ஆகிவிட்டது, எழுத முடியவில்லை.

மெயில் போட்டேன். பதில் இல்லை. சமரச அதிகாரியிடம் மனு கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள், கம்பெனிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. நோட்டீஸ் போன நாலாவது நாள் கிராஜுவிட்டி மட்டும் பேங்கில் விழுந்தது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல்.

அப்பாவிடம் சொன்னேன். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. கூரியர்காரர் முதல் தடவை வந்த அன்று நான் முருகன்குறிச்சி வரை போயிருந்தேன். வாசலில் அப்பாதான் இருந்திருக்கிறார். தாளை வாங்கி வாசித்துவிட்டு, "நாளைக்கு வாங்க, பையன் இருப்பான்" என்று அனுப்பியிருக்கிறார். 36 வருடம் அடுத்தவர் வாசலில் கடிதம் கொடுத்த மனுஷன், எந்தத் தாள் என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியாதா? அதற்குப் பிறகும் தினமும் பத்து மணிக்கு டி.வி. சத்தத்தைக் குறைத்திருக்கிறார். அம்மாவுக்கும் தெரியுமாம்.

"ஏன்ப்பா கேக்கல?" என்றேன். "நீ மீட்டிங்ல இருந்தியே" என்றார்.

28ம் தேதி பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவும் வருகிறேன் என்கிறார். வக்கீல் சார், சந்தனப் பொட்டுக்குப் பிடித்த 1,500ஐயும் மனுவில் சேர்க்கலாமா?

வண்ணார்பேட்டை_வக்கீல்

சேர்த்தாயிற்று. பக்கம் மூன்று, நாலாவது வரி.